முதல் சொட்டுக்கு முன்னால்

பூனைக்கு ரத்தம் ஏற்றும் முன் செய்தே ஆக வேண்டிய சோதனைகள்

2013 ஆகஸ்ட். நியூசிலாந்தின் டவுரங்கா நகரில், எலி மருந்தால் துவண்டு கிடந்த ரோரி என்ற பூனையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார் அதை வளர்த்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வாங்க நேரமில்லை. ரத்தம் ஏற்றாவிட்டால் பூனை பிழைக்காது. வகை தெரியாமல் ஏற்றினால் அந்த ரத்தமே அதைக் கொன்றுவிடலாம். மருத்துவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லாப்ரடார் நாயை வரவழைத்து, அதன் ரத்தத்தைப் பூனைக்கு ஏற்றினார். ரோரி பிழைத்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

படித்தவர்கள் அதை அதிசயமாகப் பார்த்தார்கள். உண்மையில் அந்த மருத்துவர் செய்தது ஒரு கணக்கு. நாயின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகள் பூனையின் உடலில் இயல்பாக இருப்பதில்லை. அதனால் முதல் தடவை ஏற்றும்போது உடனடி விபரீதம் பெரும்பாலும் நேராது. நாயின் அணுக்கள் பூனையின் உடலில் நான்கு நாள் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். அந்த அவகாசத்தில் பூனை தேறிவிடலாம், அல்லது பொருத்தமான பூனை ரத்தம் கிடைத்துவிடலாம். ஆனால் அந்த நாட்களுக்குள் பூனையின் உடல் விழித்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து இரண்டாவது முறையும் நாய் ரத்தம் ஏற்றினால் பூனை செத்துப்போகக்கூடும். வேறு வழியே இல்லாதபோது, ஒரே ஒரு முறை மட்டும் கையில் எடுக்கக்கூடிய வழி அது.

வகை தெரியாத இன்னொரு பூனையின் ரத்தத்தைவிட நாயின் ரத்தமே மேல் என்று ஒரு மருத்துவர் முடிவு செய்ய நேர்ந்ததே, அதில்தான் பூனை ரத்தத்தின் தனித்தன்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. நாய்களுக்கு முதல் முறை ரத்தம் ஏற்றும்போது, வகை மாறினாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் பாட்டிலே, ஏன், முதல் சில சொட்டுகளே உயிரை எடுக்கலாம்.

மூன்று வகை, ஒரு மரபணு

பூனைகளின் ரத்தம் ஏ, பி, ஏபி என மூன்று வகைப்படும். எழுத்துகள் ஒன்றாக இருப்பதால் மனித ரத்த வகைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. மனிதர்களிடம் ‘ஓ’ வகை இருப்பதுபோல எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய பொதுக் கொடையாளி வகை பூனைகளில் இல்லவே இல்லை.

பூனையின் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருள் ஒட்டியிருக்கிறது. அது இரு வடிவங்களில் வரும். உடலில் உள்ள ஒரு நொதி முதல் வடிவத்தில் ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்த்து இரண்டாம் வடிவமாக மாற்றுகிறது. அந்த நொதி சரியாக வேலை செய்யும் பூனை ஏ வகை. வேலை செய்யாத பூனை பி வகை. இரண்டு வடிவங்களும் கணிசமாக இருந்தால் ஏபி. இது மிக அரிது. நொதியை உருவாக்கும் சிஎம்ஏஎச் என்ற மரபணுவில் நேரும் மாற்றங்களே இதற்குக் காரணம் என்பது 2007இல் வெளியான ஆய்வில் உறுதியானது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் குட்டி பி வகையாகப் பிறக்கும். இதே மரபணு நம்மிடமும் இருக்கிறது. ஆனால் மனிதரின் மூதாதையரிடம் 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே அது செயலிழந்துவிட்டது.

மரபணு வேறுபாடு இத்தோடு நின்றிருந்தால் சிக்கலில்லை. பி வகைப் பூனைகள் எல்லாவற்றின் ரத்தத்திலும் ஏ வகை அணுக்களைத் தாக்கும் வலுவான ஆன்டிபாடிகள் இயல்பிலேயே உருவாகிவிடுகின்றன. இதற்கு முன் ரத்தம் ஏற்றியிருக்க வேண்டும், கருவுற்றிருக்க வேண்டும் என்ற அவசியம் எதுவுமில்லை. பிறந்த சில மாதங்களிலேயே பி பூனை ஆயுதத்தோடு தயாராகிவிடுகிறது. ஏ வகைப் பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றிடம் பி அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருக்கின்றன. அவை பொதுவாக வலுக்குறைந்தவை. ஏபி பூனையிடம் இரண்டுமே இல்லை.

39 நாளும் ஒன்றேகால் மணி நேரமும்

இந்த ஆன்டிபாடிகள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அர்ஸ் கீகர் குழுவினர் அளந்து பார்த்தார்கள். 1991இல் வெளியான அந்த முடிவுகள் இன்றைக்கும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். வகை பொருந்திய ரத்தத்தை ஏற்றினால், ஏற்றிய அணுக்களில் பாதி அழிய 29 முதல் 39 நாட்கள் ஆகின்றன. பி ரத்தத்தை ஏ பூனைக்கு ஏற்றினால் இரண்டே நாளில் பாதி காலி. ஏ ரத்தத்தை பி பூனைக்கு ஏற்றினால்? 1.3 மணி நேரம்.

முதல் தவறில், அதாவது பி ரத்தம் ஏ பூனைக்குப் போனால், பூனை பெரும்பாலும் உடனே சாவதில்லை. ஏற்றிய ரத்தம் வீணாகிறது. இரண்டு மூன்று நாளில் ரத்தசோகை பழையபடி திரும்புகிறது. மஞ்சள் காமாலை எட்டிப் பார்க்கிறது. ‘ரத்தம் ஏற்றியும் தேறவில்லை’ என்று நோயின்மேல் பழியைப் போட்டுவிடவும் கூடும்.

இரண்டாவது தவறு அப்படி ஒளிந்துகொள்ளாது. ஏ ரத்தம் பி பூனையின் உடலுக்குள் ஒரு மில்லிலிட்டர் போனாலே போதும். பூனை திடீரென்று கத்தும். எச்சில் வழியும். வாந்தி எடுக்கும், அறியாமலே சிறுநீர் கழிக்கும். இதயத்துடிப்பு தாறுமாறாகும், ரத்த அழுத்தம் சரியும், மூச்சு நிற்கும். தப்பிப் பிழைத்தால் சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும். அது உடைந்துபோன சிவப்பணுக்களின் நிறம். அவசரப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்கள், ‘முதலில் ஒரு மில்லி ஏற்றிப் பார்ப்போம், ஒன்றும் ஆகவில்லை என்றால் தொடரலாம்’ என்ற பழைய பழக்கத்தைக் கைவிட்டதற்குக் காரணம் இதுதான். அந்த ஒரு மில்லியே சோதனையாகவும் தண்டனையாகவும் ஆகிவிடுகிறது.

ஊருக்கு ஊர் மாறும் கணக்கு

‘பூனைகளில் பெரும்பாலானவை ஏ வகைதானே, எதற்கு இவ்வளவு பயம்?’ என்று கேட்கலாம். உலக அளவில் ஏ வகைதான் அதிகம் என்பது சரி. சயாமிஸ், பர்மீஸ் இனப் பூனைகள் ஏறத்தாழ எல்லாமே ஏ. அமெரிக்காவின் வடகிழக்கில் சாதாரண வீட்டுப் பூனைகளில் பி வகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஊர் மாறினால் கணக்கு மாறுகிறது. ஏ–பி அமைப்பை முறைப்படி விவரித்த ஆயர், பெல் ஆகிய இரு ஆய்வாளர்கள், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பூனைகளைச் சோதித்து 1981இல் எழுதினார்கள்: சுமார் 26 சதவிகிதம் பி வகை. பின்னர் சிட்னி வட்டாரத்தில் நடந்த கணக்கெடுப்பில் அது 36 சதவிகிதம். துருக்கியில் அந்நாட்டின் சொந்த இனங்களைச் சோதித்தபோது அங்கோராப் பூனைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், வான் பூனைகளில் 60 சதவிகிதமும் பி வகையாக இருந்தன. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவன் ரெக்ஸ் இனங்களிலும் பி வகை ஏராளம். சென்னை முதல் கோவை வரை வீடுகளில் செல்லமாக வளரும் பெர்ஷியன் பூனைகளிலும் பி வகை கணிசம்.

நாட்டுப் பூனை என்பதால் ஏ வகைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. முக அமைப்பையும் முடியையும் பார்த்து ரத்த வகையைச் சொல்லிவிடவும் முடியாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீம்பாலே நஞ்சாகும் நாள்

ரத்த வகை தெரியாததன் விலையை ரத்தம் ஏற்றாமலே கொடுக்கும் பூனைகளும் உண்டு. பி வகைத் தாய், ஏ வகைத் தகப்பன். இவற்றுக்குப் பிறக்கும் குட்டிகளில் ஏ வகை இருக்கும். குட்டிகள் கொழுகொழுவென்றுதான் பிறக்கும். முட்டி மோதிப் பால் குடிக்கும். அந்தச் சீம்பாலில் தாயின் ஆன்டிபாடிகள் இருக்கின்றன. பிறந்த முதல் நாளில் குட்டியின் குடல் அவற்றை அப்படியே ரத்தத்துக்குள் விட்டுவிடும். நோயிலிருந்து காப்பதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. ஏ வகைக் குட்டிக்கு அதுவே எமன்.

ஓரிரு நாளில் குட்டி பால் குடிப்பதை நிறுத்தும். சிறுநீர் காப்பி நிறத்துக்கு மாறும். உடம்பு மஞ்சள் பூக்கும். சில குட்டிகள் எந்த அறிகுறியும் காட்டாமல் செத்துக் கிடக்கும். பிழைக்கும் சில குட்டிகளுக்கு வால் நுனி கருகி விழும். ‘தாய் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை’, ‘குட்டிக்கு ராசியில்லை’ என்று சொல்லிவிட்டு, அடுத்த ஈற்றிலும் அதே ஜோடியைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனப்பெருக்கத்துக்கு முன் தாய், தகப்பன் இரண்டின் ரத்த வகையையும் சோதித்தால் இது முழுவதுமாகத் தடுக்கக்கூடியது. தவறிப்போய்க் கருவுற்றிருந்தால், குட்டிகளை முதல் 24 மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து, ஏ வகைத் தாய்ப் பூனையிடமோ புட்டிப்பாலிலோ வளர்த்து, பிறகு தாயிடம் விடலாம். அதற்குள் குடலின் கதவு மூடிவிடும்.

ஓர் அட்டை, இரண்டு நிமிடம்

ரத்த வகையைக் கண்டறிவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. மருத்துவமனை மேசையிலேயே செய்யக்கூடிய அட்டைச் சோதனை இருக்கிறது. அட்டையில் சிறு வட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று ஏ, ஒன்று பி, மற்றொன்று ரத்தம் தானாகவே திரிகிறதா என்று பார்ப்பதற்கு. வட்டங்களில் சோதனைப் பொருள் உலர்ந்து ஒட்டியிருக்கும். கரைசல் ஒரு சொட்டு, பூனையின் ரத்தம் ஒரு சொட்டு விட்டு, குச்சியால் கலக்கி, அட்டையை இப்படியும் அப்படியும் இரண்டு நிமிடம் சாய்த்து ஆட்ட வேண்டும். எந்த வட்டத்தில் ரத்தம் குருணை குருணையாகத் திரிகிறதோ அதுவே வகை. பி வகையைக் காட்டிக்கொடுக்கும் பொருளைக் கோதுமையின் முளையிலிருந்து எடுக்கிறார்கள் என்பது கேட்கச் சுவையான தகவல்.

அட்டைக்கும் வரம்புண்டு. ரத்தசோகை முற்றிய பூனையின் ரத்தத்தில் அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதால் திரிவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தானாகவே திரியும் ரத்தமாக இருந்தால் முடிவை நம்ப முடியாது. ஏபி என்றோ பி என்றோ காட்டினால் ஆய்வகத்தில் ஒரு முறை உறுதிசெய்வது நல்லது.

வகை பொருந்திவிட்டால் போதுமா? போதாது என்பதை மீண்டும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமே கண்டறிந்தது. அங்கே சிறுநீரக மாற்று அறுவைக்கு வந்த ஒரு பூனைக்கு ஏ–பி வகை பொருந்திய ரத்தம்தான் ஏற்றப்பட்டது. அதன் வாழ்விலேயே முதல் தடவை ஏற்றிய ரத்தம். இருந்தும் அணுக்கள் உடைந்தன. தேடியபோது, பெரும்பாலான பூனைகளிடம் இருக்கும் இன்னொரு ரத்தக் கூறு பிடிபட்டது. அது இல்லாத பூனைகளிடம் அதற்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே இருந்தது. அந்த ஆன்டிபாடி முதன்முதலில் தென்பட்ட மைக்கேல் என்ற கொடையாளிப் பூனையின் பெயரால் அந்த ரத்தக் கூறுக்கு ‘மிக்’ என்று பெயரிட்டு 2007இல் வெளியிட்டார்கள். 2020இல் கனடாவின் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் மேலும் ஐந்து கூறுகளை விவரித்தார்கள்.

இவற்றையெல்லாம் தனித்தனியாகச் சோதிக்கும் அட்டை மருத்துவமனைகளில் கிடைக்காது. அதற்குப் பதிலாக இருப்பதுதான் கிராஸ் மேட்ச். கொடுக்கும் பூனையின் சிவப்பணுக்களைக் கழுவி, வாங்கும் பூனையின் பிளாஸ்மாவோடு கலந்து, உடல் சூட்டில் சிறிது நேரம் வைத்து, சுழற்றி எடுத்துப் பார்ப்பது. திரிந்தாலோ, மேலே நிற்கும் நீர் சிவந்தாலோ அந்த ரத்தம் வேண்டாம். முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றிய பூனை என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. முதல் பாட்டில் ஏற்றி நான்கு நாட்கள் கடந்துவிட்டால், அதே கொடையாளியாக இருந்தாலும் மறுபடி கிராஸ் மேட்ச் செய்ய வேண்டும்.

நலமாகத் தெரியும் கொடையாளி

ரத்தம் பொருந்திவிட்டது. இனி அதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பூனைகளின் ரத்தத்தில் பரவும் முக்கியமான இரு வைரஸ்களில் ஒன்று, ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் எஃப்இஎல்வி. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜாரட் 1964இல் கண்டறிந்தது. மற்றொன்று, நோய் எதிர்ப்பு சக்தியைச் சிதைக்கும் எஃப்ஐவி. கலிஃபோர்னியாவின் பெடலூமாவில் பல பூனைகளை வளர்த்த ஓரிடத்தில் நோயுற்று மடிந்த பூனைகளை ஆராய்ந்தபோது, நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 1986இல் கண்டறிந்தது. இரண்டுக்கும் மேசைமேல் வைத்தே பார்க்கும் சோதனைக் கருவிகள் உண்டு. எஃப்இஎல்விக்கு வைரஸின் புரதத்தையும், எஃப்ஐவிக்கு ஆன்டிபாடியையும் அவை தேடுகின்றன.

ஆனால் எஃப்இஎல்வி ஒரு தந்திரக்கார வைரஸ். சில பூனைகளின் உடல் அதை அடக்கிவிடும். ரத்தத்தில் வைரஸ் புரதம் இருக்காது. கருவி ‘இல்லை’ என்றே காட்டும். பூனை துள்ளி விளையாடும். ஆனால் வைரஸின் மரபணு நகல் அதன் அணுக்களுக்குள்ளேயே செருகிக்கொண்டு உறங்கும். இப்படிப்பட்ட பூனையின் ரத்தத்தை வேறு பூனைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விடை வெளியிட்டார்கள்: வாங்கிய பூனைகளுக்குத் தொற்று வந்தது, நோயும் வந்தது. அதனால்தான் கொடையாளிப் பூனைக்குச் சாதாரணக் கருவிச் சோதனையோடு, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனையும் வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள்.

அடுத்தது, சிவப்பணுவின் மேலேயே ஒட்டிக்கொண்டு வாழும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. அதில் மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் கடுமையான ரத்தசோகையை உண்டாக்கும். கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு நாள் தெரியும், மறுநாள் மாயமாகிவிடும். இதற்கும் பிசிஆரே நம்பகமானது. நோய் தேறிய பிறகும் பல பூனைகள் மாதக்கணக்கில் இதைச் சுமந்து திரியும். ரத்தசோகைக்காக ரத்தம் வாங்க வந்த பூனைக்கு, ரத்தசோகையையே கூடுதலாக ஏற்றி அனுப்பும் கொடுமை அப்படித்தான் நேர்கிறது. தெள்ளுப்பூச்சி பரப்பும் பார்டொனெல்லா பாக்டீரியாவும் பட்டியலில் உண்டு. இவை தவிர அந்தந்த வட்டாரத்தில் உண்ணிகளும் கொசு வகைகளும் பரப்பும் நோய்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கின்றன, பூனை நோய்களுக்கான ஐரோப்பிய ஆலோசனைக் குழுவின் வழிகாட்டு நெறிகள்.

ஒரு முறை ‘இல்லை’ என்று வந்த சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லாது. தொற்று நுழைந்து சோதனையில் தெரிய வாரங்கள் ஆகும். நேற்று ராத்திரி மதில்மேல் சண்டை போட்டுக் கடி வாங்கிய பூனை இன்றைய சோதனையில் தேறிவிடலாம். அதனால்தான் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே வளரும், தெள்ளுப்பூச்சி மருந்தும் தடுப்பூசியும் தவறாமல் போட்ட பூனையையே கொடையாளியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

கொடுக்கும் பூனையின் பக்கம்

நாலரை கிலோ பூனையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தம் 300 மில்லிகூடத் தேறாது. அதிலிருந்து 50 மில்லி அளவுக்கு எடுக்கிறார்கள். மனிதர் ரத்ததானம் செய்யும்போது ஏறக்குறைய 5 லிட்டரில் 350 மில்லிதான் போகிறது. விகிதப்படி பார்த்தால் பூனை நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்கிறது. அதுவும் தான் ஏன் இங்கே கிடத்தப்பட்டிருக்கிறோம் என்று தெரியாமலே கொடுக்கிறது.

பெரும்பாலான பூனைகளுக்கு மயக்க ஊசி வேண்டியிருக்கிறது. கழுத்தில் முடியை மழித்து, சிரையில் ஊசி செலுத்தி, ரத்தம் உறையாமலிருக்க மருந்து நிரப்பிய சிரிஞ்சுகளில் மெல்ல மெல்ல இழுக்கிறார்கள். ஒருவர் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, ஒருவர் சிரிஞ்சை ஆட்டிக்கொண்டே இருக்க, மற்றொருவர் மூச்சையும் நாடித்துடிப்பையும் விடாமல் கவனிக்க வேண்டும். முடிந்ததும் இழந்த அளவுக்குத் திரவம் ஏற்றி, மயக்கம் தெளியும்வரை சூடாக வைத்திருக்க வேண்டும்.

கொடையாளிக்கு வயது ஒன்றிலிருந்து எட்டுக்குள், எடை நான்கு கிலோவுக்கு மேல், ரத்தத்தில் சிவப்பணு அளவு போதுமானதாக இருக்க வேண்டும் என்பவை எல்லோரும் பார்ப்பவை. பலர் பார்க்கத் தவறுவது இதயம். பிரிட்டனில் காப்பகங்களிலிருந்த, வெளிப்பார்வைக்கு நலமாகத் தெரிந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளை எக்கோ சோதனை செய்தபோது, ஏறக்குறைய 15 சதவிகிதத்துக்கு இதயத்தசை தடித்துப்போகும் நோய் இருந்தது. அப்படியொரு பூனையை மயக்கி, ரத்தத்தை எடுத்து, திரவத்தையும் ஏற்றினால், ஓர் உயிரைக் காக்கப் போய் இன்னோர் உயிரைப் பறித்தவர்களாவோம். தெருப் பூனையைப் பிடித்துவந்து அவசரத்துக்கு ரத்தம் எடுப்பது இந்த எல்லாக் காரணங்களாலும் தவறு. அதன் வகை தெரியாது, நோய் தெரியாது, இதயம் தெரியாது. அதற்காகப் பேசவும் ஆளில்லை.

நம் ஊரில் செய்ய வேண்டியது

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கான ரத்த வங்கி உண்டு. பூனைகளுக்கோ, அவசரம் என்றால் இன்றைக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ‘யாரிடமாவது ஆரோக்கியமான பூனை இருக்கிறதா?’ என்ற வேண்டுகோள்தான். நல்ல மனசோடு பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் வகை பார்த்து, கிராஸ் மேட்ச் செய்து, பிசிஆர் முடிவுக்குக் காத்திருக்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. சோதனைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவது அந்தப் பரபரப்பில்தான்.

மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை 2025இல் விலங்குகளுக்கான ரத்த வங்கிகள், ரத்தம் ஏற்றுதல் குறித்துத் தேசிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ரத்த வகைப் பரிசோதனையும் கிராஸ் மேட்சும் கட்டாயம், தானம் பணம் வாங்காமல் தன்னார்வத்தில் நடக்க வேண்டும், கொடையாளி விலங்கின் உரிமைகள் மதிக்கப்பட வேண்டும் என்கிறது அது. தாளில் இருப்பது மேசைக்கு வர வேண்டும்.

அதற்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. தடுப்பூசிக்கோ கருத்தடை அறுவைக்கோ போகும்போதே பூனையின் ரத்த வகையைப் பார்த்து, தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிவிடலாம். பி வகை என்று தெரிந்தால் அதே ஊரில் இன்னொரு பி பூனையை வைத்திருப்பவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். பூனை நலக் குழுக்கள், பெயரும் எண்ணும் மட்டும் சேர்ப்பதற்குப் பதிலாக, வகையும் தொற்றுச் சோதனையும் இதயச் சோதனையும் முடிந்த கொடையாளிகளின் பட்டியலை ஒரு மருத்துவமனையோடு சேர்ந்து பராமரிக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை சோதனைகளைப் புதுப்பிக்கலாம். இனப்பெருக்கம் செய்பவர்கள் ரத்த வகைச் சான்று இல்லாமல் ஜோடி சேர்க்க மாட்டோம் என்று முடிவெடுக்கலாம். வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

பூனைக்கு ரத்தம் தேவைப்படும் நேரம் எப்போதும் அவசர நேரமாகத்தான் இருக்கும். சோதிப்பதற்கு ஏற்ற நேரம், பூனை நன்றாக இருக்கும் இன்றைய தினம்தான். உங்கள் பூனையின் ரத்த வகை என்னவென்று அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், அன்றைக்கே சோதிக்கச் சொல்லுங்கள்.